சனி ஞாயிறு சீமைத்துரை

அப்புனு, சௌக்கியமா? இங்க எல்லாரும் சௌக்கியம். உங்கப்பன் இன்னும் கொஞ்சம் எச்சா சௌக்கியம். "என்ற பையன் ஜெர்மனியில சனி, ஞாயிறுகூட லைப்ரரியே கதின்னு கெடக்கறானுங்க"ன்னு பால் சொசைட்டியில நிக்கறவங்ககிட்டயெல்லாம் பெருமை பேசிட்டுத் திரியறான். நானும் பக்கத்துல நின்னு தலையாட்டிக்கறேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல அப்பனை மறைச்ச, ஆத்தாளை மறைச்ச. இந்தக் கெழவனுக்கு அதெல்லாம் எங்க பார்க்கத் தெரியப்போகுதுன்னு உட்டுட்ட பாரு, அங்கதான் உன்ற இஞ்சினியர் மூளை கோட்டை விட்டுருச்சு.

எல்லாம் பார்த்துட்டுத்தான் இருக்கறேன் சாமி. வெள்ளிக்கிழமை பொழுதிறங்கினா உன்ற முதுகுல பை ஏறிக்குது. சனிக்கிழமை ஒரு நாடு, ஞாயித்துக்கிழமை இன்னொரு நாடு. திங்கக்கிழமை வகுப்புல நீ முழிச்சிட்டு உக்காந்திருந்தா வாத்தியாருக்கு அதிர்ஷ்டம். நீ போற ஊரு எதுன்னு புரியலைன்னா நான் போன்கிட்ட வாயால கேக்கறேன், உள்ள இருக்கற பொண்ணு வரி விடாம ஒப்பிக்குது. அதனால நீ பார்க்காம வந்ததையெல்லாம் நான் கேட்டு வெச்சிருக்கறேன்.

உங்கப்பன்கிட்ட மூச்சு விட மாட்டேன். ஆனா சும்மா இல்ல. நான் சொல்றதை முச்சூடும் நீ கேக்கோணும். அதுதான் என்ற வாய்க்குப் பூட்டு.

மொதல்ல காசு. உனக்கு விசா குடுக்கறதுக்கு முன்னால 11,904 யூரோவை அக்கவுண்டுல கட்டி முடக்கச் சொன்னாங்க. மாசம் 992 யூரோவுக்கு மேல அதுல இருந்து எடுக்க முடியாதாமா. நம்ம காசுல ஏறக்குறைய 12 லட்சம். தென்னந்தோப்பு அடமானத்துல வந்த பணம் அது. அடமானக் காசுல டிக்கெட் எடுத்தா ஏரோப்ளேன் பறக்காதுன்னு நான் சொல்லல. நல்லாவே பறக்கும். வட்டியும் கூடவே பறக்கும்.

"அப்பாரு, மிலானுக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டே 15 யூரோதான்"னு ஒருநாள் பெருமையாச் சொன்ன. சரி, மலிவுதான். மிலான்னு போட்டிருந்த ஏரோப்ளேன் உன்னைய எறக்கி உட்ட எடம் பெர்கமோ. அங்கிருந்து மிலானுக்கு 50 கிலோமீட்டர். இதாவது பரவால்ல. பாரிஸ்னு விக்கற மலிவு டிக்கெட் போவேங்கற ஊர்ல எறக்கும், அது 85 கிலோமீட்டர். ஃபிராங்ஃபர்ட்னு பேரு போட்ட ஹான் ஏர்போர்ட் அந்த ஊர்ல இருந்து 120 கிலோமீட்டர் தள்ளிக் கெடக்குது. பழைய அமெரிக்கப் பட்டாளத்து விமானத் தளம் அது. இங்க ஒருத்தன் கோயமுத்தூர்னு சொல்லி ஈரோட்டுல எறக்கி உட்டா நாம சும்மா இருப்பமா? அங்க எறக்கி உட்டா "சூப்பர் டீல்"னு படம் போடறீங்க. அப்பறம் பஸ்ஸுக்கு ஒரு காசு, பை அரை அங்குலம் பெருசுன்னு ஒரு காசு, அந்தக் காசைத் தப்பிக்கறதுக்குன்னு சட்டை மேல சட்டை மாட்டிட்டு வேர்த்து ஒழுகிட்டு நிக்கற படம் ஒண்ணு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு உன்ற அப்பத்தா சொல்லுவா. அவ ஏரோப்ளேன் ஏறினதில்ல, ஆனா டிக்கெட் வெலை தெரிஞ்சவ.

நீ இருக்கற ஆகன் ஊரு ஜெர்மனிக்கு மேக்காலக் கடைசி. அங்கிருந்து பிரஸ்ஸெல்ஸுக்கும் பாரிஸுக்கும் வண்டி மாறாம ரயில் இருக்குது. செமஸ்டர் ஃபீஸோட சேர்த்து வாங்கற சீட்டுக்கு ஜெர்மனி முச்சூடும் ஊரூரா நிக்கற ரயில்ல எறங்கி ஏறலாம். ஒண்ணே ஒண்ணு, வெள்ளை வெளேர்னு மூக்கு நீட்டிட்டு வர்ற அதிவேக வண்டியில அந்தச் சீட்டோட ஏறிப்போடாத. அபராதம் கொறைஞ்சது 60 யூரோ. ஆத்துல போட்டாலும் அளந்து போடோணும், ஜெர்மன்காரன் கையில போடறதை எதுக்குப் போடோணும்?

அடுத்தது எல்லை. எல்லையே இல்லாம ஓடறியே, அதுக்கு யாருக்கு நன்றி சொல்லோணும்னு தெரியுமா? லக்சம்பர்க்ல ஷெங்கன்னு ஒரு ஊரு. மோசெல் ஆத்தங்கரையில திராட்சை வெளையற சின்னக் கிராமம். 1985 ஜூன் 14ந் தேதி அங்க ஆத்துல நின்ன ஒரு கப்பல்ல அஞ்சு நாட்டுக்காரங்க உக்காந்து, இனி எல்லையில நின்னு சோதிக்க வேண்டாம்னு கையெழுத்துப் போட்டாங்க. ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். இன்னைக்கு அது 29 நாடு. அதுல ஒரு நாட்டுல நீ படிக்கறதுனால மத்த நாட்டுல 180 நாளைக்குள்ள 90 நாள் தங்கலாம். லண்டனும் டப்ளினும் இந்தக் கணக்குல இல்ல. "பக்கத்துலதான அப்பாரு"ன்னு கெளம்பிப்போடாத, வேற விசா வேணும்.

எல்லை இல்லைன்னதும் பாஸ்போர்ட்டை ரூம் பெட்டியில பூட்டி வெச்சுட்டுப் போறியாமா, தொலைஞ்சு போயிருமுன்னு. நல்ல புத்தி. 2024 செப்டம்பர்ல இருந்து ஜெர்மனி தன்ற தரைவழி எல்லை எல்லாத்துலயும் மறுக்கா சோதனை போட்டிருக்குது. ரயில்ல போலீஸ் வந்து கேட்டா பெட்டிச் சாவியைக் காட்டுவியா? பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் எப்பவும் இடுப்போட இருக்கோணும். அந்த அட்டைக்கு இன்னொரு பலனும் உண்டு. ஐரோப்பிய யூனியன்ல குடியிருக்கற 26 வயசுக்கு உட்பட்ட ஆளுக்கு பாரிஸ் லூவர் மியூசியம் இலவசம். நீ அட்டையைப் பூட்டி வெச்சுட்டு, முழு டிக்கெட் எடுத்து உள்ள போயி, 77 சென்டிமீட்டர் ஒசரம், 53 சென்டிமீட்டர் அகலம் இருக்கற மோனாலிசாவுக்கு முதுகைக் காட்டி நின்னு படம் புடிச்சுட்டு வந்திருக்கற. அந்தம்மா பாவம், உன்ற பின்மண்டையைப் பார்த்துச் சிரிச்சிட்டு இருக்குது.

நீ போகாம உட்ட ஒரு ஊரைச் சொல்றேன், கேளு. பார்லே. பாதி நெதர்லாந்து, பாதி பெல்ஜியம். பாதின்னா நடுவுல கோடு கிழிச்ச பாதி இல்ல. நெதர்லாந்துக்குள்ள துண்டு துண்டா பெல்ஜியம் 22 எடத்துல கெடக்குது. அந்தத் துண்டுக்குள்ள மறுக்கா நெதர்லாந்துத் துண்டு. 800 வருசத்துக்கு முன்னால ரெண்டு பெரிய பண்ணாடிங்க பண்ணுன பாகப்பிரிவினை அது. கோடு வீட்டுக்குள்ள போகுது, கடைக்குள்ள போகுது, ஓட்டல் மேசைக்கு அடியில போகுது. அப்ப வீடு எந்த நாட்டுக்குச் சொந்தம்? முன்வாசல் எந்தப் பக்கம் இருக்குதோ அந்த நாடு. வாசல் நடுவுலயே கோடு போன வீட்டுக்கு ரெண்டு நாட்டுக் கதவு எண்ணும் உண்டு. நாடு மாத்தோணும்னா வீட்டை மாத்த வேண்டியதில்ல, கதவைத் தள்ளி வெச்சாப் போதும்னு அங்கத்த ஆளுக சிரிச்சுட்டே சொல்லுவாங்களாம். கொரோனா சமயத்துல ஒரே துணிக்கடையில பெல்ஜியம் பாதியை மூடிப் போட்டு, நெதர்லாந்து பாதியில யாவாரம் நடந்துச்சு.

இத்தனைக்கும் வெட்டுக் குத்து இல்ல அப்புனு. தரையில வெள்ளையாக் கூட்டல் குறி போட்டு, இந்தப் பக்கம் ஒரு எழுத்து, அந்தப் பக்கம் ஒரு எழுத்து, அவ்வளவுதான் எல்லை. உங்கப்பனும் உன்ற பெரியப்பனும் ஒரு முழ வரப்புக்கு எத்தனை வருசமா கோர்ட்டுக்கு நடக்கறாங்கன்னு உனக்கே தெரியும். ரெண்டு பேர் வக்கீலும் வீடு கட்டிட்டாங்க, வரப்பு அங்கயேதான் இருக்குது. அந்த ஊருக்கு ரயில் கெடையாது. பிரேடாவுலயோ தில்புர்க்லயோ எறங்கி பஸ் ஏறோணும். பஸ் ஏறி, அந்தக் கோட்டு மேல உக்காந்து ஒரு காப்பி குடிச்சுட்டு, அதை மட்டும் படம் புடிச்சு உங்கப்பனுக்கு அனுப்பு. மத்ததை மறைச்சுக்க.

பார்லேக்குப் போகாதவன் பிரஸ்ஸெல்ஸுக்குப் போயிருக்கற. எதைப் பார்க்க? ஒண்ணுக்கு அடிக்கற பையனை! மனெகன் பிஸ்ஸுன்னு பேரு. 1619ல செய்யச் சொன்ன செலை. ஒசரம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் எச்சா, 55 சென்டிமீட்டர். அதுவும் தெருவுல நிக்கறது நகல்தான், ஒரிஜினல் மியூசியத்துல பத்திரமா இருக்குது. அந்தப் பயலுக்குத் துணிமணி மட்டும் 1,000 உருப்படிக்கு மேல, அதுக்கும் தனி மியூசியம். ஜெர்மன் ரயில் ஸ்டேஷன்ல நீ ஒண்ணுக்குப் போகோணும்னா ஒரு யூரோ, நம்ம காசுல நூறு ரூபா. அவன் 400 வருசமா இலவசமாப் போறான், உலகமே சுத்தி நின்னு கை தட்டுது. நீ நம்ம வீட்டுப் பொடக்காலியில செஞ்சதுக்கு உங்கம்மா வெளக்குமாறு எடுத்தா. எல்லாத்துக்கும் எடம் பொருள் ஏவல் வேணும் சாமி.

இதையெல்லாம் சிரிச்சுட்டு உட்டுருவேன். பைசாவுல நீ பண்ணின காரியத்துக்குத்தான் எனக்கு ஆத்திரம். அந்தச் சாய்ஞ்ச கோபுரத்தைக் கையில தாங்கற மாதிரி நின்னு ஒரு படம். அங்க போற அத்தனை பேரும் எடுக்கற படம். மத்தவன் எடுக்கட்டும், அவன் ஜவுளி யாவாரி, பல்லு டாக்டர். நீ சிவில் இஞ்சினியரிங் மேல்படிப்பு படிக்கறவன். அந்தக் கோபுரத்தை நெஜமாத் தாங்கிப் புடிச்சது யாருன்னு ஒரு வார்த்தை கேட்டியா?

நான் கேட்டேன். 1173ல கட்ட ஆரம்பிச்சாங்க. மூணாவது அடுக்கு வர்றதுக்குள்ள தெக்குப் பக்கத்து மண்ணு எறங்கிருச்சு. களிமண்ணு, இளகின மண்ணு. அந்த நேரம் பார்த்து பைசாக்காரங்களுக்குப் பக்கத்து ஊருகளோட சண்டை வந்து, வேலை ஏறக்குறைய நூறு வருசம் நின்னு போச்சு. அதுதான் நல்லதாப் போச்சு. நின்ன காலத்துல அடிமண்ணு பாரத்துக்குப் பழகி இறுகிக்கிச்சு. நிறுத்தாம கட்டியிருந்தா அன்னைக்கே குப்புற விழுந்திருக்கும். வேலை நின்னு போனதுனால பொழைச்ச கட்டடம் வேற எங்க இருக்குது சொல்லு? நம்ம காண்ட்ராக்டர்கிட்ட இதைச் சொன்னேன், அவனும் இனிமே அதைத்தான் காரணமாச் சொல்லுவான் போல இருக்குது.

1989ல அதே இத்தாலியில பாவியாங்கற ஊர்ல ஒரு பழைய கோபுரம் சரிஞ்சு நாலு பேர் செத்தாங்க. பயந்து போயி 1990ல பைசாக் கோபுரத்தை மூடினாங்க. வடக்குப் பக்கம் டன் கணக்குல ஈயக் கட்டியை அடுக்கி, சாயறதைத் தடுத்து நிறுத்தினாங்க. அப்பறம் செஞ்சதுதான் கெட்டிக்காரத்தனம். அமுங்கின தெக்குப் பக்கத்தைத் தொடவே இல்ல. ஒசந்து நின்ன வடக்குப் பக்கத்துக்கு அடியில சாய்வாத் துளை போட்டு, கொஞ்சம் கொஞ்சமா மண்ணை உருவினாங்க. மொத்தம் 38 கன மீட்டர். கோபுரம் தானா வடக்கால அசைஞ்சு உச்சியில 45 சென்டிமீட்டர் நிமிந்துச்சு. 2001ல தெறந்துட்டாங்க. முழுசா நிமித்தலை. நிமித்தினா யாரு டிக்கெட் எடுப்பா? தூக்க முடியாததைத் தூக்காதே, மறுபக்கத்தைத் தாழ்த்துன்னு ஒரு பெரிய பாடம் அங்க உனக்காகக் காத்துக் கெடந்துச்சு. நீ அதுக்கு நேரா முட்டுக் குடுத்துப் படம் புடிச்சுட்டு ஐஸ்கிரீம் தின்னுட்டு வந்துட்ட.

ஈபிள் டவர்லயும் இதே கதைதான். 1889ல தெறந்தது, 330 மீட்டர் ஒசரம்னு படத்துக்குக் கீழ எழுதியிருந்த. மொத மாடிக்குக் கீழ நாலு பக்கமும் 72 பேர் பேரைப் பெரிய எழுத்துல பொறிச்சிருக்கறாங்க, அண்ணாந்து பார்த்தியா? எல்லாரும் கணக்கு, விஞ்ஞானம், கட்டடம் தெரிஞ்ச மேதைங்க. மண்ணு சுவரை எவ்வளவு தள்ளும்னு கணக்கு எழுதின கூலோம் பேரு அதுல இருக்குது. உத்திரம் எவ்வளவு வளையும்னு எழுதின நாவியே பேரும் இருக்குது. நம்ம ஓவர்சியர்தான் சொன்னாரு, உன்ற புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் வர்ற பேருங்களாமா. உன்னைய பரீட்சையில அழ வெச்ச ஆளுக தலைக்கு மேல நிக்கறாங்க, நீ ஒரு கும்பிடு கூடப் போடாம வந்திருக்கற. அந்த 72லயும் ஒரு பொம்பளை பேரு கெடையாது. அது உன்ற கண்ணுலயும் படல, அவங்க கண்ணுலயும் ரொம்ப நாள் படல.

ஊர் சுத்தறதை நான் குத்தமாச் சொல்லவே இல்ல. சிவாஜி நடிச்ச 'சிவந்த மண்' 1969ல வந்தப்ப, அதுல வர்ற சீமையைப் பார்க்கறதுக்குன்னே டூரிங் கொட்டாயில மணல் குமிச்சு உக்காந்தவன் நான். செட்டிநாட்டு ஏ.கே. செட்டியார் காந்தியைப் பத்திப் படம் எடுக்கோணும்னு கப்பலேறி நாடு நாடாப் போயி, யாரு யாருகிட்டயோ இருந்த பிலிமுத் துண்டுகளைத் தேடிச் சேர்த்து 1940ல படமா வெளியிட்டாரு. அவரும் ஊர் சுத்தினவர்தான். ஒரு சோலி வெச்சுட்டுச் சுத்தினாரு, அதனால நூறு வருசம் ஆனாலும் பேரு நிக்கும். உன்ற ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிக்கும்.

இன்னொண்ணு கேக்கறேன், ஒளிக்காமச் சொல்லு. ஆகன் ஊரு பெரிய கோயிலுக்குள்ள போயிருக்கறியா? சார்லமான் ராஜா கட்டினது, அவரை 814ல அங்கயேதான் பொதைச்சாங்க. யுனெஸ்கோ 1978ல மொத மொதல்ல போட்ட உலகப் பட்டியல்லயே அந்தக் கோயில் இருக்குது. கட்டறதுக்குக் காசு பத்தாம ஊர்க்காரங்க சாத்தான்கிட்டக் கடன் வாங்கினாங்கன்னு ஒரு கதை. கோயிலுக்குள்ள மொதல்ல நுழையற உசுரு எனக்குன்னு சாத்தான் சொல்லிச்சாம். இவங்க ஒரு ஓநாயைப் புடிச்சு உள்ள தள்ளி உட்டுட்டாங்க. ஏமாந்த கோவத்துல அது கதவை அறைஞ்சு சாத்தி, கட்டை விரலு கதவுலயே மாட்டிக்கிச்சாம். இன்னைக்கும் கதவுல இருக்கற சிங்கத் தலைக்குள்ள கையை உட்டு அந்த விரலைத் தடவிப் பார்க்கலாம்னு சொல்றாங்க. கடன் குடுத்தவனையே ஏமாத்தின ஊரு! நம்ம பக்கத்து ஆளுக பார்த்தாக் கையெடுத்துக் கும்புடுவாங்க. நீ குடியிருக்கற தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருக்கறதைப் பார்க்காம வெனிஸுக்கு ஓடற. அங்க பகல்ல வந்துட்டுப் போற உன்னைய மாதிரி ஆளுகளுக்குன்னே 2024ல இருந்து குறிப்பிட்ட நாள்ல நுழைவுக் காசு வெச்சுட்டாங்க. வந்தமா, படம் புடிச்சமா, குப்பை போட்டமான்னு போறவங்க தொல்லை தாங்கலையாமா.

அதே ஆகன் ஸ்டேஷன்ல ஆர்.இ. 1 னு ஒரு ரயில் நிக்கும். உக்காந்தா வண்டி மாறாம ஹம்முங்கற ஊரு வரைக்கும் கூட்டிட்டுப் போகும். உன்ற சீட்டே செல்லும். அங்க காமாட்சி அம்பாள் கோயில் இருக்குது. ஃபேக்டரிகளுக்கு நடுவுல 17 மீட்டர் ராஜகோபுரம். 2002ல கும்பாபிஷேகம் ஆச்சு. தேர் நோம்பிக்கு ஐரோப்பா முச்சூடும் இருந்து சனம் வருது. கட்டினவங்க யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து சண்டைக்குத் தப்பி வந்த தமிழ்ச் சனம். அவங்களும் எல்லை தாண்டினவங்கதான் அப்புனு, வார லீவுக்காக இல்ல. ராத்திரியில, பனியில, கையில ஒரு காயிதமும் இல்லாம தாண்டினவங்க அதுல எத்தனையோ பேரு. அன்னதானப் பந்தியில பக்கத்துல உக்கார்ற பெரியவர்கிட்ட "நீங்க எப்பிடி இங்க வந்தீங்க"ன்னு மரியாதையாக் கேளு. சொல்லப் பிரியப்பட்டாச் சொல்லுவாரு. உன்ற முதுகுப் பை எவ்வளவு லேசானதுன்னு அப்பத் தெரியும்.

கடைசியாப் படிப்பு. செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒவ்வொண்ணுக்கும் 30 மணி நேரம் உழைக்கோணும்னு ஜெர்மன்காரங்க கணக்கு, மொத்தம் 900 மணி. அதை வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுட்டுத்தான் நீ பை மாட்டறன்னு நான் நம்பறேன். நம்பறதுக்குக் காசா பணமா? ஒரே பரீட்சையில மூணு தடவை தவறினா பல யூனிவர்சிட்டியில அந்தப் படிப்பே கைவிட்டுப் போயிரும். ஞாயித்துக்கிழமை அங்க கடை தெறக்க மாட்டாங்க, சனிக்கிழமை நீ ஊர்ல இருக்கறதில்ல. அப்ப வாரம் முச்சூடும் என்ன திங்கறங்கற வெசனம் உங்கம்மாளுக்கு. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

அதனால அப்பாரு தீர்ப்பு இதுதான். மாசத்துக்கு ஒரு ஊரு போதும். ரெண்டு ராத்திரி தங்கு. கெளம்பறதுக்கு முன்னால அந்த ஊரைப் பத்தி ஒரு கேள்வி எழுதி வெச்சுக்க, பதில் தெரியாமத் திரும்பாத. அங்கத்த மனுசன் ஒருத்தர்கிட்டயாவது வாய் தொறந்து பேசு. பரீட்சை மாசத்துல ரயிலைத் திரும்பிக்கூடப் பார்க்காத. பரீட்சை முடிஞ்சதும் மறுக்கா ஒரு தடவை பைசாவுக்குப் போ, செலவுக்கு நான் தர்றேன். ஆனா இந்தத் தடவை கையை நீட்டி நிக்காம, கோபுரத்துக்கு வடக்குப் பக்கமாப் போயி நில்லு. மண்ணை எடுத்தது அங்கதான்.